ஐந்துக்காகக் காத்திருக்காதீர்கள்

பொது மருத்துவத்தில் முதலாண்டு எம்.டி. படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "போன வாரம் எங்கள் வார்டில் டி.டி.பி. என்று ஒரு நோயாளியை அட்மிட் செய்தோம். புத்தகத்தில் ஐந்து அறிகுறிகள் என்று போட்டிருக்கிறது. அவருக்கு இருந்ததோ இரண்டு. கூம்ஸ் டெஸ்ட் நெகட்டிவ். 'அப்புறம் எப்படி இதை ஆட்டோஇம்யூன்கிறே?' என்று ரவுண்ட்ஸில் சீஃப் கேட்டபோது முழித்தேன். வாழ்நாளில் இரண்டோ மூன்றோ முறை பார்க்கப்போகும் நோயை எப்படிப் படிப்பது, எவ்வளவு படிப்பது?"

டி.டி.பி. என்றால் த்ராம்போடிக் த்ராம்போசைட்டோபீனிக் பர்ப்யூரா: சிறு இரத்தக் குழாய்களைப் பிளேட்லெட் கட்டிகள் அடைக்கும் அபூர்வ நோய். முழித்ததற்கு வெட்கப்பட வேண்டாம். நான் இதே நோயில் முழித்ததோடு நிற்காமல் தப்பும் செய்தேன். அதைச் சொல்லிவிட்டே பதிலுக்கு வருகிறேன்.

நான் இரண்டாமாண்டு பி.ஜி. நவம்பர் மாதம், டெங்கு சீசன். கட்டில்கள் நிரம்பி வராந்தாவிலும் பாய் விரித்திருந்தார்கள். முப்பதைத் தாண்டிய ஒரு பெண், நான்கு நாள் காய்ச்சல், பிளேட்லெட் 14,000. அந்த மாதத்தில் பிளேட்லெட் குறைந்து வந்த யாராக இருந்தாலும் எங்களுக்கு டெங்குதான். அதே தாளில் ஹீமோகுளோபின் 6.8 என்றும் அச்சாகியிருந்தது. நம்மூர்ப் பெண்களுக்கு இரத்தசோகை என்ன புதிதா என்று தாண்டிப் போனேன். கண் வெள்ளையில் லேசான மஞ்சள் இருந்ததை இரவு டியூப்லைட் வெளிச்சத்தில் கவனிக்கவில்லை. பிளேட்லெட் நான்கு பை ஏற்றச் சொல்லி எழுதினேன்.

இரவு இரண்டு மணிக்கு அவருடைய அம்மா வந்து எழுப்பினார். "டாக்டர், பொண்ணு ஏதோ மாத்திப் பேசுதுங்க. தண்ணி டம்ளரைக் காட்டி சாவி சாவிங்குது." நான் போய்ப் பார்த்தபோது சரியாகவே பேசினார். பெயர், ஊர், கிழமை எல்லாம் சொன்னார். காய்ச்சல் மயக்கம், பதற்றம் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுத் திரும்பிவிட்டேன். அந்த ஒரு வரியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வந்து போகிற பேச்சுத் தடுமாற்றம் இந்த நோயின் கையெழுத்து. ஒரு மணி நேரம் உளறல், அடுத்த மணி நேரம் தெளிவு. அந்த அம்மா நோயைச் சொன்னார், நான் பதற்றம் என்று எழுதினேன்.

காலையில் லேப் டெக்னீஷியன், என் அப்பா வயதுக்காரர், போனில் கூப்பிட்டார். "சார், அந்த பிளேட்லெட் கேஸோட ஸ்மியரை வந்து பாருங்க. சட்டி ஒடைஞ்ச மாதிரி கெடக்கு." ஸ்லைடில் மெல்லிசாகப் பூசிச் சாயமேற்றிய இரத்தம்தான் ஸ்மியர். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தேன். நடுவில் வெளிறி வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்களுக்கு இடையே ஹெல்மெட் வடிவில் ஒன்று, மூன்று முனையோடு ஒன்று, பிறைபோல ஒன்று. உடைந்த ஓட்டுச் சில்லுகள். ஷிஸ்டோசைட் என்று பத்து தடவை பரீட்சையில் எழுதியிருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பெண் பிழைத்தார், ஒன்பது நாள் பிளாஸ்மா எக்ஸ்சேஞ்சுக்குப் பிறகு. அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை வெளியே எடுத்துவிட்டு, தானம் வந்த பிளாஸ்மாவைக் கொடுப்பது. நான் ஏற்றிய பிளேட்லெட்டால்தான் பேச்சு குழறியது என்று சொல்ல முடியாது, ஏற்றுவதற்கு முன்பே மூளையில் அடைப்புகள் தொடங்கியிருக்கலாம். ஆனாலும் உயிரை எடுக்கும் இரத்தக்கசிவு இல்லாத டி.டி.பி.யில் பிளேட்லெட் ஏற்றுவதைத் தவிர்ப்பதுதான் முறை. காரணம் கீழே வருகிறது.

டெங்குவில் இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயைவிட்டுக் கசிகிறது. அதனால் ஹீமடோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறும். பிளேட்லெட் இறங்கி ஹீமடோகிரிட் ஏறினால் டெங்கு என்று நினைக்கலாம். பிளேட்லெட்டும் ஹீமோகுளோபினும் சேர்ந்து இறங்கினால் நோயாளி எங்கோ இரத்தம் இழக்கிறார், அல்லது அணுக்கள் உடைகின்றன, அல்லது எலும்பு மஜ்ஜையிலேயே உற்பத்தி இல்லை. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் தூங்கப் போகக்கூடாது. இதை உங்கள் சீஃப் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். சீசன் வந்தால் எல்லாருக்கும் மறந்துவிடுகிறது.

இப்போது சீஃபின் கேள்வி. ஆட்டோஇம்யூன் என்றால் உடல் தன்னைத்தானே தாக்குவது. எதைத் தாக்குகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

இரத்தக் குழாயின் உள்பூச்சுச் செல்கள் வான் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதத்தை நீளமான இழையாக வெளியே விடுகின்றன. பூக்காரம்மாவின் கையில் இருக்கும் வாழை நாரை நினைத்துக்கொள்ளுங்கள். பூ தொடுக்க நார் வேண்டும், காயம் பட்ட இடத்தில் பிளேட்லெட் ஒட்ட இந்த இழை வேண்டும். ஆனால் பூவை முழம் போட்டு அவ்வப்போது அறுத்துவிட வேண்டும். அறுக்கும் வேலையைச் செய்வது ஆடம்ட்ஸ்-13 என்ற நொதி. கல்லீரலில் உருவாகி இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஓட்டத்தின் வேகத்தில் இழை விரியும்போது அதில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெட்டும்.

டி.டி.பி.யில் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புரதம் உருவாவது இந்த நொதிக்கு எதிராக. வெட்டுகிற கை போய்விட்டது. நார் நீண்டுகொண்டே போகிறது, வருகிற பிளேட்லெட் எல்லாம் அதில் தொடுத்துக்கொண்டு சிறு தமனிகளை அடைக்கின்றன. பிளேட்லெட் எண்ணிக்கை விழுவது இதனால்தான்: உற்பத்தி குறையவில்லை, இருப்பதெல்லாம் அடைப்பில் போய் மாட்டிக்கொண்டது. பிளேட்லெட் ஏற்றினால் தொடுக்க இன்னும் கொஞ்சம் பூ கொடுத்ததாக ஆகலாம் என்ற பயம் இங்கிருந்து வருகிறது. பாதி அடைத்த சந்துக்குள் அழுத்தத்தோடு நுழையும் சிவப்பணு அந்த இழையில் பட்டு அறுபடுகிறது. சென்னைக்காரர்களுக்கு மாஞ்சா நூல் என்று சொன்னால் போதும்.

இப்போது கூம்ஸைப் பாருங்கள். அந்தப் பரிசோதனை தேடுவது சிவப்பணுவின் மேல் ஒட்டியிருக்கும் எதிர்ப்புரதத்தை. இந்தச் சண்டையில் சிவப்பணு ஒரு கட்சியே இல்லை, வழியில் போனவன் அடிபட்ட கதை. அதனால் கூம்ஸ் நெகட்டிவ். நோய் ஆட்டோஇம்யூன்தான், ஆனால் தாக்கப்படுவது அணு அல்ல, நொதி. இதையே 1951-ல் விவரிக்கப்பட்ட எவன்ஸ் நோய்க்குறியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கும் பிளேட்லெட் குறையும், ஹீமோகுளோபின் குறையும். ஆனால் எதிர்ப்புரதம் அணுக்களின் மேலேயே உட்கார்ந்திருக்கும், கூம்ஸ் பாசிட்டிவ், ஸ்மியரில் உடைந்த சில்லுகளுக்குப் பதிலாகச் சின்ன உருண்டைகள். அங்கே ஸ்டீராய்டில் தொடங்குவீர்கள். இங்கே ஸ்டீராய்டை மட்டும் நம்பியிருந்தால் ஆளை இழப்பீர்கள். நாளைக்கு சீஃப் மறுபடி கேட்டால் இந்த ஒரு பத்தியைச் சொல்லுங்கள், விட்டுவிடுவார்.

நீங்கள் பி.ஜி. என்பதால் ஒரு கிளைக்கதை. பிளேட்லெட்டுக்கு எதிரான எதிர்ப்புரதம் என்ற எண்ணத்தை வலுப்படுத்தியது பயிற்சியில் இருந்த ஒரு டாக்டர்தான். 1950-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் வில்லியம் ஹாரிங்டன், பிளேட்லெட் மட்டும் குறையும் நோயான ஐ.டி.பி. வந்த ஒருவரின் இரத்தத்தைத் தன் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய பிளேட்லெட் அதலபாதாளத்துக்குப் போய் வலிப்பும் வந்தது. சில நாளில் தேறினார். நீங்கள் இதையெல்லாம் செய்ய வேண்டாம். இன்றைய எத்திக்ஸ் கமிட்டி படிவத்தைப் பார்த்தே எழுந்து போய்விடும்.

ஐந்து அறிகுறிகளுக்கு வருவோம். 1924-ல் நியூயார்க்கில் ஈலை மாஷ்கோவிட்ஸ் என்ற மருத்துவர் பதினாறு வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி எழுதினார். அதுவரை ஆரோக்கியமாக இருந்தவள். திடீரென்று காய்ச்சல், வெளிறல், தோலில் இரத்தப்புள்ளிகள், பிறகு பக்கவாதம், கோமா, மரணம். பிரேதப் பரிசோதனையில் சிறு தமனிகளிலும் தந்துகிகளிலும் கண்ணாடிபோன்ற அடைப்புகள். அதன்பின் 1966-ல் அமோரோசி, அல்ட்மன் என்ற இருவர் தங்களுடைய 16 நோயாளிகளோடு அதுவரை அச்சில் வந்திருந்தவர்களையும் சேர்த்துப் பார்த்து ஐந்து அம்சங்களை வரிசைப்படுத்தினார்கள்: காய்ச்சல், பிளேட்லெட் குறைவு, சிவப்பணு உடைதல், சிறுநீரகக் கோளாறு, நரம்பு மண்டலக் கோளாறு. அந்தக் காலத்தில் இந்த நோய் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இறந்தார்கள்.

கொஞ்சம் யோசித்தால் தெரியும், அந்த ஐந்தும் சிகிச்சையே இல்லாத காலத்தில், நோய் முற்றிப்போனவர்களிடம் எடுத்த பட்டியல். வீடு முழுக்க எரிந்தபிறகு எழுதிய மகஜர் மாதிரி. இன்று டி.டி.பி. என்று உறுதியானவர்களில் ஐந்தும் சேர்ந்து இருப்பது பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. உங்கள் நோயாளிக்கு இரண்டுதான் இருந்தது என்றால் அவரைச் சரியான நேரத்தில் பிடித்திருக்கிறீர்கள். வேறு காரணம் தெரியாத பிளேட்லெட் குறைவும், ஸ்மியரில் உடைந்த சிவப்பணுக்களும் சேர்ந்தால் டி.டி.பி.யாக நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவதற்கு அது போதும். பரீட்சையில் ஐந்தையும் எழுதுங்கள், வார்டில் இரண்டோடு எழுந்திருங்கள்.

மீதி வரலாற்றில் எனக்குப் பிடித்தது அதன் முறைமாறிய வரிசை. 1982-ல் ஜோயல் மோக் குழுவினர், அடிக்கடி திரும்பி வரும் டி.டி.பி. நோயாளிகளின் இரத்தத்தில் வழக்கத்துக்கு மீறிய நீளமான வில்லிபிராண்ட் இழைகளைக் கண்டார்கள். 1991-ல் கனடாவில் 102 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பிளாஸ்மா ஏற்றினார்கள், மறுபாதிக்குப் பிளாஸ்மாவையே மாற்றினார்கள். ஆறு மாத முடிவில் உயிரோடிருந்தவர்கள் முதல் குழுவில் 63 சதவீதம், மாற்றியவர்களில் 78 சதவீதம். ஏன் பலிக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1996-ல்தான் வெட்டுகிற நொதி ஒன்று உண்டு என்று மிஹா ஃபுர்லான், ஹான்-மோ சாய் இருவரும் தனித்தனியாகக் காட்டினார்கள். 1998-ல் அதற்கு எதிரான எதிர்ப்புரதம் தெரிந்தது, 2001-ல் நொதிக்கு ஆடம்ட்ஸ்-13 என்று பெயர் வந்தது. மருந்து முதலில், காரணம் பிறகு. பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச் பழைய பிளாஸ்மாவோடு எதிர்ப்புரதத்தை வெளியே எடுக்கிறது, புதிய பிளாஸ்மாவோடு நொதியை உள்ளே கொடுக்கிறது. வெறுமே ஏற்றுவதைவிட மாற்றுவது ஏன் மேல் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். எக்ஸ்சேஞ்ச் வசதி உள்ள இடத்துக்கு அனுப்ப நேரமாகும் என்றால், அதுவரை பிளாஸ்மாவாவது ஓடட்டும் என்பதற்கும் இதுவே நியாயம்.

இந்த நோயைப் படிக்க வேண்டிய இடம் ஸ்மியர். ஸ்லைடை நீங்களே இழுங்கள், லீஷ்மன் சாயத்தை நீங்களே ஊற்றுங்கள். முதல் பத்து ஸ்லைடு கண்ணராவியாக வரும், பரவாயில்லை. ஸ்லைடின் மெலிந்த முனைக்குச் சற்று முன்னால், அணுக்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடக்கும் பகுதியில் பாருங்கள். ஆயிரம் சிவப்பணுக்களை எண்ணி அதில் சில்லுகள் எத்தனை என்று குறியுங்கள். நூற்றுக்கு ஒன்றைத் தாண்டினால் அர்த்தம் இருக்கிறது. மெஷின் தரும் அச்சுத்தாளில் இந்த விவரம் வராது. உங்கள் நோயாளியின் ஸ்லைடு இன்னும் லேபில் இருக்கும், கழுவிப் போடுவதற்குள் போய்க் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, இந்த நோயை அதன் அக்கம்பக்கத்தோடு சேர்த்துப் படியுங்கள். சில்லுகள் இருக்கின்றன, ஆனால் இரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் பி.டி., ஏ.பி.டி.டி. நீண்டிருந்தால், உடல் முழுக்க உறைவு பரவும் டி.ஐ.சி.யைத் தேடுங்கள். டி.டி.பி.யில் அவை பெரும்பாலும் நார்மல், ஏனென்றால் உறைவுக் காரணிகள் செலவாகவில்லை, பிளேட்லெட் மட்டுமே செலவாகிறது. கர்ப்பிணி என்றால், கர்ப்பகாலத்தில் சிவப்பணு உடைந்து கல்லீரலும் கெடும் ஹெல்ப் நோய்க்குறி, இரத்த அழுத்தம் எகிறியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். கிராமத்திலிருந்து வந்தவர் என்றால் காலைப் பாருங்கள்: கண்ணாடி விரியன் கடிக்குப் பிறகும் இதே ஸ்மியர் வரும், அங்கே சிறுநீரகம்தான் முதலில் படுக்கும். டி.டி.பி.யில் சிறுநீரகம் ஓரளவு தப்பித்துக்கொள்ளும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 5, 6 என்று நின்றால் உங்கள் டயக்னோசிஸை ஒரு முறை சந்தேகப்படுங்கள்.

இந்த அக்கம்பக்கத்தில் என்னை அதிகம் ஏமாற்றியது பி-12 குறைபாடு. பிளேட்லெட் குறைவு, ஹீமோகுளோபின் குறைவு, சில்லுகள், அணு உடைந்தால் ஏறும் எல்.டி.எச். ஆயிரக்கணக்கில். பார்த்தால் அச்சு அசல் டி.டி.பி. இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்ளும். புதிதாகப் பிறந்த சிவப்பணுவான ரெட்டிகுலோசைட்டின் எண்ணிக்கை குறைவாக இருக்கும், ஏனென்றால் அணு உடைவது மஜ்ஜைக்குள்ளேயே, வெளியே புதுசு வரவில்லை. சிவப்பணுவின் சராசரி அளவான எம்.சி.வி. பெரும்பாலும் ஏறியிருக்கும். பிளாஸ்மா எக்ஸ்சேஞ்சுக்காகக் கழுத்தில் டயாலிசிஸ் குழாய் வரைக்கும் போட்டுவிட்டு, பிறகு பி-12 ஊசியில் எழுந்து நடந்தவரை நான் பார்த்திருக்கிறேன். பால், தயிர்கூட அதிகம் எடுக்காத சைவக்காரர்கள் நிறைய உள்ள நாட்டில் இதை நினைக்காமல் இருக்கக்கூடாது.

பிளாஸ்மிக் என்றொரு மதிப்பெண் முறை 2017-ல் வந்தது. பிளேட்லெட் 30,000-க்குக் கீழ், அணு உடைவதற்கான சான்று, புற்றுநோய் இல்லை, உறுப்பு அல்லது ஸ்டெம் செல் மாற்று இல்லை, எம்.சி.வி. 90-க்குக் கீழ், பி.டி.யிலிருந்து கணக்கிடும் ஐ.என்.ஆர். 1.5-க்குக் கீழ், கிரியாட்டினின் 2-க்குக் கீழ். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், ஆறோ ஏழோ வந்தால் டி.டி.பி.க்கு வாய்ப்பு அதிகம். மனப்பாடம் செய்யாதீர்கள். மேலே சொன்ன அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவரையும் இந்த ஏழில் எது வெளியே தள்ளுகிறது என்று நீங்களே பொருத்திப் பாருங்கள், தானாக மனதில் நின்றுவிடும்.

ஆடம்ட்ஸ்-13 அளவு 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நோய் உறுதி. இதற்கான இரத்தத்தைப் பிளாஸ்மா தொடங்கும் முன்பே எடுத்துவிட வேண்டும், தொடங்கிவிட்டால் நீங்கள் அளப்பது தானம் தந்தவரின் நொதியை. நீல மூடி சிட்ரேட் குழாயில் எடுங்கள். ஊதா மூடியில் எடுத்தால் அதிலுள்ள ஈ.டி.டி.ஏ. நொதிக்குத் தேவையான கால்சியத்தையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொண்டு, இருக்கிற நொதியையும் இல்லாததாகக் காட்டும். முடிவு வரப் பல நாள் ஆகலாம். அதுவரை சிகிச்சையை நிறுத்தி வைப்பது நான் செய்ததைவிடப் பெரிய தப்பு. இதயச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனினும் ஒன்று அனுப்புங்கள். இந்த நோயாளிகள் திடீரென்று போவது பல நேரம் இதயத்தால்.

சிகிச்சையைப் புத்தகம் ஒரு வரியில் சொல்லும்: தினமும் பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச், கூடவே ஸ்டீராய்டு, எதிர்ப்புரதம் உருவாவதைக் குறைக்கும் ரிடுக்ஸிமாப். அந்த ஒரு வரி வார்டில் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவர், கிலோவுக்கு 40 மில்லி என்றால் 2,400 மில்லி. ஒரு எஃப்.எஃப்.பி., அதாவது உறைய வைத்த பிளாஸ்மா, பை ஏறத்தாழ 200 மில்லி, ஆக ஒரு நாளைக்கு 12 பை. பிளேட்லெட் 1,50,000-ஐத் தாண்டி இரண்டு நாள் நிற்கும்வரை தினமும். என் நோயாளிக்கு ஒன்பது நாளில் நூற்றுக்கு மேல் பை போனது. ஒவ்வொன்றும் கல்லாக உறைந்து வரும், 37 டிகிரி தண்ணீரில் இளக்க வேண்டும். பிளட் பேங்க் ஜன்னலில் நிற்பது அவருடைய தம்பியும் தம்பியின் நண்பர்களும். எத்தனை பை, என்றைக்கு, எந்தக் குரூப் என்று ஒரு தாளில் எழுதி முதல் நாளே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். எக்ஸ்சேஞ்ச் ஓடும்போது குறைந்தது ஒரு தடவையாவது மெஷின் பக்கத்தில் உட்காருங்கள். "வாயைச் சுத்தி சுருக் சுருக்குன்னு இருக்கு" என்று நோயாளி சொல்வார். இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தை இழுக்கிறது என்று அர்த்தம், கால்சியம் குளுகோனேட் தயாராக இருக்கட்டும்.

கேப்லசிஸுமாப் என்ற புது மருந்து பிளேட்லெட் அந்த நாரில் ஒட்டுவதையே தடுக்கிறது. லாமா என்ற விலங்கின் எதிர்ப்புரதத்திலிருந்து உருவாக்கியது, 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நம்மூர் வார்டில் அதை எதிர்பார்த்து உட்கார முடியாது, பிளாஸ்மாவுக்கு ஓடுங்கள்.

எவ்வளவு படிப்பது என்று கேட்டிருந்தீர்கள். நார், வெட்டும் கை, பூ என்ற அந்தப் படத்தை எதையும் பார்க்காமல் ஒரு வெள்ளைத்தாளில் வரைய முடிகிற அளவு. அங்கிருந்து பிளேட்லெட் ஏன் குறைகிறது, கூம்ஸ் ஏன் நெகட்டிவ், பி.டி. ஏன் நார்மல், பிளாஸ்மா ஏன் மருந்து என்று நான்கையும் இழுத்துக்கொண்டு வந்துவிடலாம். பத்து லட்சம் பேரில் வருடத்துக்கு இரண்டு, மூன்று பேருக்கு வருகிற நோய்க்கு இதற்குமேல் நினைவுச் சுமை வேண்டாம், டோஸ் எல்லாம் தேவைப்படும்போது புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

டிஸ்சார்ஜோடு கேஸை மூடிவிடாதீர்கள். இது திரும்பி வரும் நோய். ரிவ்யூவில் பிளேட்லெட்டும் கிடைத்தால் ஆடம்ட்ஸ்-13 அளவும் பார்க்க வேண்டும், கர்ப்பம் தரிக்க நினைத்தால் முன்னாலேயே சொல்லச் சொல்ல வேண்டும். இன்னொன்றையும் கேளுங்கள். என் நோயாளி மூன்றாம் மாதம் வந்தபோது பிளேட்லெட் 2,40,000. சந்தோஷமாகச் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். "எல்லாம் சரியாயிடுச்சுங்க டாக்டர். சாம்பாருக்கு உப்புப் போட்டேனா இல்லையான்னு மட்டும் தெரிய மாட்டேங்குது. ரெண்டு தடவை போட்டுடறேன். வீட்ல திட்டுறாங்க." மூளையின் சின்னச் சின்னக் குழாய்கள் அடைத்துத் திறந்ததன் மிச்சம் அது. நானாகக் கேட்டிருக்க மாட்டேன்.